காக்காப்பொன் இல்லாத மைகா

கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் பட்டறையில் சமையல் மேடைக்குக் கல் பார்த்துக்கொண்டிருந்தோம். பாரடைசோ என்று பெயர் வைத்து உலகமெல்லாம் விற்கிறார்களே, அது இந்தப் பக்கத்துப் பாறைதான். ஊதாவும் இளஞ்சிவப்பும் கருப்புமாக அலையலையாய் ஓடும். பலகையை வெயிலில் சாய்த்து வைத்தபோது கருப்பு வரிகளுக்குள் பொடிப்பொடியாய் என்னவோ மினுங்கியது. "காக்காப்பொன்னு" என்றார் அம்மா. சின்ன வயதில் மண்ணிலிருந்து பொறுக்கி விளையாடிய அதே சங்கதி. புத்தகத்தில் அப்பிரகம் என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் மைகா.

அங்கிருந்து நேராகப் பிளைவுட் கடைக்குப் போனோம். ஆசாரி ஏற்கெனவே வந்து காத்திருந்தார். உட்காருவதற்குள் கேட்டுவிட்டார்: "மைகா என்ன கலர்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அவர் கேட்ட மைகாவில் ஒரு துளி காக்காப்பொன் கிடையாது. அது லேமினேட் தாள். பெயர் வந்த கதை 1913இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் மின்கருவிகளில் மின்சாரம் கசியாமல் தடுக்க நிஜ அப்பிரகத்தைத்தான் வைப்பார்கள். அதற்கு மாற்றாக, பிசின் ஊறிய தகடு ஒன்றை ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ'கானர் என்ற இரண்டு பொறியாளர்கள் செய்தார்கள். 'மைகாவுக்குப் பதிலாக' என்ற பொருளில் அதற்கு ஃபார்மைகா என்று பெயரிட்டார்கள். பிறகுதான் அது மேசைக்கும் சமையலறைக்கும் வந்தது. நம் ஊரில் சன்மைகா என்ற ஒரு கம்பெனியின் பெயரே, ஜெராக்ஸ் மாதிரி, பொருளின் பெயராக ஒட்டிக்கொண்டது. பேச்சில் அது சுருங்கி மைகா ஆகிவிட்டது. ஆக, மேடைக் கல்லுக்குள் நிஜ மைகா இருக்கிறது. அதற்குக் கீழே கதவில் ஒட்டியிருப்பது பெயருக்கு மட்டும் மைகா.

அந்தத் தாள் என்னவென்று தெரிந்துகொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீரும். அடியில் பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதம் பல அடுக்கு. இவை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினில் ஊறியவை. லியோ பேக்லாண்ட் 1907இல் கண்ட பேக்கலைட்டின் வழிவந்தது இந்தப் பிசின். அதற்கு மேல் நிறமோ மர வரியோ அச்சடித்த ஒரே ஒரு தாள், மெலமைன் பிசினில் ஊறியது. எல்லாவற்றையும் அடுக்கி 120 டிகிரிக்கு மேல் சூட்டில், சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் அழுத்துகிறார்கள். எட்டடிக்கு நாலடி தாள் ஒன்றின் மேல் இது மொத்தமாகச் சுமார் 1,500 டன். 20 டன் கல் ஏற்றிய 75 லாரிகளை ஒரு தாளின் மேல் நிறுத்தியதற்குச் சமம். இப்படி வெந்து இறுகிய பிசின் திரும்ப இளகாது. வெந்த இட்லி மறுபடி மாவாகுமா? அதே கதைதான்.

அதனால்தான் தாள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. லேமினேட் போட்ட சமையலறை கெட்டுப்போயிற்று என்று யாராவது சொன்னால், போய்ப் பாருங்கள். தாளின் நடுப்பகுதி புதிதுபோலவே இருக்கும். போயிருப்பது ஓரம், இல்லாவிட்டால் பசை, அதுவும் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பலகை. ஆனால் நாம் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து புரட்டுவதோ, நிறம் மட்டுமே இருக்கிற சாம்பிள் புத்தகத்தை.

மேல்நாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல வீடுகளில் மேடையே லேமினேட்தான். கத்தி கீறுமா, சூடான பாத்திரம் வைக்கலாமா என்பதுதான் அவர்களுடைய கவலை. தர்மபுரிக் கருப்பும் பாரடைசோவும் வெட்டி எடுக்கும் மண்ணில் யாரும் மேடைக்குக் காகிதம் ஒட்டப்போவதில்லை. இரண்டு மாவட்டத்திலும் பட்டறைகளில் ஒதுக்கிப்போட்ட கட்பீஸ் கல்லே ஒரு சின்னச் சமையலறைக்குப் போதும். நம்மிடம் லேமினேட்டுக்கு வேலை மேடைக்குக் கீழே இருக்கும் ஷட்டர் கதவுகளிலும், மேலே கப்போர்டிலும், பரண் கதவிலும்தான். அங்கே கத்திக்கு வேலையில்லை. தண்ணீர், நீராவி, எண்ணெய்ப் பிசுக்கு, முழங்கால் இடி, இவைதான் எதிரிகள்.

இதை நான் கற்றது காசு கொடுத்து. தர்மபுரியில் முதலில் கட்டிய வீட்டில் நல்ல தாளாகத் தேர்ந்தெடுத்துத்தான் ஒட்டினோம். இரண்டாம் வருஷம் ஐப்பசி மழை முடிந்தபோது சிங்க்குக்குக் கீழே இருந்த ஷட்டரின் அடி ஓரம் உப்ப ஆரம்பித்தது. பிறகு கொழுக்கட்டை வாய் திறந்த மாதிரி தாள் பிளந்து, உள்ளே பலகை ஊறிப்போன பிஸ்கட்டாய் உதிர்ந்தது. குழாய் ஒழுகவில்லை. காரணம் வெள்ளிக்கிழமை. வாரா வாரம் அம்மா தரையில் வாளித் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக் கழுவுவார். ஷட்டர் தரையிலிருந்து ஒரு அங்குலம்கூட உயர்ந்திருக்கவில்லை. அடி ஓரத்தில் எதுவும் ஒட்டாமல் வெறும் பலகையாக விட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால் தவிரத் தெரியாத இடம் அல்லவா? வாரம் ஒரு தரம் தண்ணீர் குடித்து, காய்ந்து, மறுபடி குடித்தது அது.

வீடு கழுவுவதை நிறுத்துங்கள் என்று எந்த அம்மாவிடமும் சொல்ல முடியாது. ஷட்டரைத்தான் தூக்கவேண்டும். தரையிலிருந்து நாலு அங்குலம் விட்டு, அந்த இடைவெளியைக் கல்லாலோ டைல்ஸாலோ ஸ்கர்ட்டிங் போல அடைத்து, அதற்கு மேல் ஷட்டர் தொடங்கட்டும். காலின் முன்பகுதி உள்ளே போக இடம் இருக்கிற மாதிரி அதைக் கொஞ்சம் உள்வாங்கி வைத்தால் நின்று சமைக்கிறவருக்கு இடுப்பும் வலிக்காது.

கீழிருந்து வரும் தண்ணீர் இது. மேலிருந்து வருவது மேடைக் கல்லின் விளிம்பிலிருந்து. அரிசி களைந்த தண்ணீரும் வழிந்த பாலும் கல்லின் முகப்பில் இறங்கி, நேராகக் கீழே சொட்டாமல், கல்லின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஓடி ஷட்டரின் தலையில் போய் இறங்கும். இதற்கு மருந்து கல் தச்சரிடமே இருக்கிறது. ஷட்டர் முகத்தைவிடக் கல் ஒரு அங்குலமாவது முன்னே வரட்டும். கல்லின் அடியில், முன் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, நீளவாக்கில் கட்டர் பிளேடால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஓடிவரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்டமாட்டாமல் அங்கேயே சொட்டிவிடும். ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் கொத்தனார் போடுகிற அதே கோடு. பட்டறையிலேயே சொன்னால் கால் மணி நேர வேலை. மேடை பதித்த பிறகு படுத்துக்கொண்டு அறுக்கவேண்டியிருக்கும், யாரும் வரமாட்டார்கள்.

இனி பலகை. தாள் ஒரு சட்டைதான், உடம்பு பலகை. சிங்க் பக்கத்துக்கு மரைன் பிளைவுட், அதாவது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரக் குறி அச்சடித்தது. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. மற்ற இடங்களுக்கு அதைவிட ஒரு படி குறைந்த, பிடபிள்யூஆர் என்று கடைக்காரர் சொல்லும் ரகம் போதும். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றே செய்யலாம். கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல். லேமினேட் தாளுக்கான தரக் குறி ஐஎஸ் 2046.

மரத்தூள் பலகை என்று நாம் சொல்லும் பார்ட்டிகிள் போர்டு பற்றி என் கருத்து கடுமையானது. பரணுக்கு மட்டும் சரி. வெள்ளிக்கிழமை உள்ள வீட்டில் மேடைக்குக் கீழே அது வேண்டாம். சிங்க் அடியில் பிவிசி பலகையில் பெட்டி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீருக்கும் கரையானுக்கும் அது பயப்படாது. ஆனால் திருகாணியை மரம்போல இறுக்கிப் பிடிக்காது. கீல் ஆடத் தொடங்கினால் கதவு தொங்கும்.

எங்கள் பக்கத்துப் பழைய வழியையும் சொல்லவேண்டும். உள்ளே பெட்டியே செய்யாமல், கடப்பா கல்லைத் தட்டுகளாக நிறுத்திவிட்டு முன்னால் மட்டும் ஷட்டர் போடுவது. செம்மண் பூமி, கரையான் எங்கிருந்து ஏறும் என்று தெரியாது. கல்லை அது என்ன செய்யும்? ஓசூரில் என் மச்சான் ஃபேக்டரியில் செய்த மாடுலர் சமையலறை போட்டபோது கடப்பா கல்லைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரித்தான். நான் இன்னும் கல் கட்சிதான். ஒன்று மட்டும்: கல்லில் கீலை நேரடியாகப் பூட்ட முடியாது, முன்னால் மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ கொடுக்கவேண்டும். அந்தச் சட்டம் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் எந்தத் தாளை ஒட்டினாலும் கதவுகள் பல் வரிசை தப்பிய மாதிரி நிற்கும்.

தாளைப் பலகையின் இரண்டு முகத்திலும் ஒட்டவேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று வெளிப்பக்கம் மட்டும் மைகா ஒட்டி, உள்பக்கத்துக்கு வெறும் பெயின்ட் அடிக்கிற வேலை நிறைய நடக்கிறது. தாள் ஒட்டிய முகம் ஈரம் இழுக்காது. ஒட்டாத முகம் மழைக்காலத்தில் இழுக்கும், சித்திரையில் விடும். ஒரு பக்கம் நீண்டு சுருங்க, மறுபக்கம் அசையாமல் நிற்க, கதவு வில்லாக வளையும். உள்பக்கத்துக்கு 0.8 மில்லிமீட்டருக்குள் மெல்லிய வெள்ளைத் தாள் போதும். லைனர் என்று கேட்டால் கொடுப்பார்கள். வெளியே 1 மில்லிமீட்டர். முழங்கால் உயரத்தில் இருக்கும் கதவு அது. களிச் சட்டியைக் கீழே இறக்கி வைத்துத் துடுப்பால் கிண்டுகிற வீட்டில் அதில் என்னென்ன இடிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. தடித்த தாள் பலகையின் மேடுபள்ளத்தையும் மறைக்கும்.

பசையில் இரண்டு குடும்பம். ஒன்று பால்போல வெள்ளையாக இருப்பது. தடவி, தாளை வைத்து, மணிக்கணக்கில் அழுத்தி வைக்கவேண்டும். சைட்டில் அழுத்தும் இயந்திரம் ஏது? ஷட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே சிமெண்ட் மூட்டை ஏற்றிவைப்பார்கள். பார்க்க நாட்டுவைத்தியம் போல இருந்தாலும் சரியான முறைதான். ஒரு ராத்திரி அசைக்காமல் விட்டால் போதும். இன்னொன்று தேன்போன்ற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, வைத்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். அவசர வேலைக்கும் வளைவுக்கும் ஓரப் பட்டைக்கும் இது. சூட்டில் இளகுகிற குணம் இந்தப் பசைக்கு உண்டு. அடுப்பை ஒட்டிய ஷட்டரில் கொப்புளம் வந்தால் தாள் வெந்துவிட்டது என்பார்கள். உண்மையில் விட்டுக்கொடுத்தது அடியில் இருந்த பசை. அடுப்புக்குப் பக்கமும் இட்லிச் சட்டிக்கு மேலே இருக்கும் கப்போர்டின் அடிமுகமும் வெள்ளைப் பசையில், நீர் தாங்கும் ரகத்தில் ஒட்டப்படட்டும். கூலி பேசும்போதே பேசிவிடவேண்டிய விஷயம் இது. ஒட்டி முடித்த மறுநாள் ஒரு நாணயத்தால் தாள் முழுக்கத் தட்டிப் பாருங்கள். எங்காவது உள்ளே காலியாக இருப்பதுபோலச் சத்தம் வந்தால் அங்கே பசை பிடிக்கவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் தட்டவேண்டும்.

ஓரத்துக்கு வருகிறேன். ஆரம்பத்திலிருந்தே வந்திருக்கவேண்டும். பலகையின் நாலு ஓரத்தையும் எதைக்கொண்டு மூடுகிறார்கள் என்பதில்தான் சமையலறையின் ஆயுள் இருக்கிறது. ஆசாரிகள் பழக்கத்தில் அதே மைகாவிலிருந்து பட்டை கிழித்து ஒட்டுவார்கள். ஒட்டும் நாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூலையில் பழுப்புக் கோடு தெரியும். தாளின் அடியில் இருக்கும் கிராஃப்ட் காகிதத்தின் நிறம் அது. தவிர, மெல்லிய கெட்டித் தாள் என்பதால் தட்டினால் சில்லு தெறிக்கும். தேக்குப் பீடிங், அதாவது மெல்லிய மரப் பட்டை, அடிப்பது இன்னொரு வழி. பழைய பாணி, ஆனால் இடிக்கு நன்றாகத் தாங்கும். வார்னிஷை மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். மூன்றாவது, பிவிசி எட்ஜ் பேண்ட் என்ற பிளாஸ்டிக் ஓரப் பட்டை. இயந்திரத்தில் சூடான பசையோடு அழுத்தி ஒட்டுவது. கையால் ஒட்டுவதற்கும் இயந்திரம் ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டாம் வருஷத்தில் தெரியும். பலகையை அளவு வெட்டி, ஓரம் ஒட்டி அனுப்புகிற பட்டறை பக்கத்தில் இருந்தால், ஷட்டரை மட்டும் அங்கே செய்துவாங்கி வீட்டில் மாட்டலாம். சிங்க் பக்க ஷட்டர்களுக்கு 2 மில்லிமீட்டர் தடிமன், மற்றதற்கு 0.8. மேல் ஓரம், அடி ஓரம் இரண்டையும் விட்டுவிடாமல் நாலு பக்கமும். கீல் பதிக்க 35 மில்லிமீட்டரில் குடைகிற குழியின் உள்சுவரிலும், சிங்க் குழாய்க்காகப் பெட்டியில் போடும் ஓட்டையிலும் பலகை வெறுமையாகத் தெரியும். கொஞ்சம் வார்னிஷ் தொட்டுவிடச் சொல்லுங்கள். சொல்லாமல் யாரும் செய்வதில்லை.

இவ்வளவும் முடிவான பிறகு நிறம்.

இங்கேயும் ஊர்த் தண்ணீர் ஒரு வார்த்தை பேசும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்று பேர்போன மாவட்டங்கள். அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் குடிக்கத்தான் காவிரி. பாத்திரம் கழுவப் பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். ஃபுளோரைடு கண்ணுக்குத் தெரியாது. தெரிவது அதே தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசிய உப்பு. கருப்பு, கருநீலம், அடர்சாம்பல் தாளில், அதுவும் பளபளப்பு ரகத்தில், சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வளையமாக நிற்கும். சாம்பிள் புத்தகத்தில் கருப்பு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் போர் தண்ணீர் வீட்டில் சிங்க்கைச் சுற்றி அதைப் போட்டால் நாள் முழுக்கத் துணியும் கையுமாகத்தான் நிற்கவேண்டும். தூய வெள்ளைக்கோ மஞ்சள் பயம். உண்மையில் மெலமைன் மேற்பரப்பு மஞ்சளை உறிஞ்சாது. உடனே துடைத்தால் போய்விடும். மிச்சம் இருக்கிற நிறமும் வெளிச்சத்தில் தானே வெளுக்கும்; மஞ்சள் பட்ட வேட்டி வெயிலில் வெளுப்பது போல. மஞ்சள் பிடித்துக்கொள்வது ஓரப் பட்டையின் பசைக் கோட்டிலும், கரடுமுரடான டெக்ஸ்சர் தாளின் பள்ளங்களிலும்தான்.

அந்த டெக்ஸ்சர் தாள்கள் பற்றி: மர வரியைக் கையால் தடவிப் பார்த்தாலே உணரமுடிகிற ஆழமான வேலைப்பாடு. கடையில் எல்லாரும் அதில்தான் மயங்குவார்கள். தினம் கடுகு தாளிக்கிற சமையலறையில் எண்ணெய் ஆவியும் தூசியும் அந்த வரிகளில் போய் உட்காரும். ஹாலில் டிவிக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறைக்கு ஸ்வீடு என்று சொல்லும் மெல்லிய மங்கல் பூச்சே நல்லது. விரல் ரேகை தெரியாது, துணி வழுக்கிக்கொண்டு போகும். மேலே பளபளப்பு, கீழே ஸ்வீடு என்று பிரித்தும் போடலாம். மேல் கதவுகளில் தண்ணீர் படாது, இருட்டான சமையலறையில் வெளிச்சமும் கொடுக்கும். மேற்கு ஜன்னல் உள்ள வீட்டில் வெயில் நேராக விழும் கதவுக்கு அடர்நிறம் வேண்டாம். சில கோடையில் பக்கத்துக் கதவோடு நிறம் பொருந்தாமல் போகும்.

லேமினேட்டுக்குப் பதிலாகக் கடையில் காட்டுவது இரண்டு. அக்ரிலிக் கண்ணாடிபோல ஜொலிக்கும், கீறல் எளிதில் விழும். பியூ பெயின்ட், அதாவது பாலியூரித்தேன் பூச்சு, அழகு. ஆனால் நல்ல கைவேலைக்காரர் கிடைக்கவேண்டும், அடிபட்டால் பெயரும். பணம் இருந்து, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாமல் இருந்தால் யோசிக்கலாம்.

எத்தனை தாள் வாங்குவது? எங்கள் கணக்கைச் சொல்கிறேன். கீழ் வரிசை 11 அடி நீளம், ஷட்டர் உயரம் 28 அங்குலம்: சுமார் 26 சதுர அடி. மேல் கப்போர்டு 7 அடிக்கு 2 அடி: 14. பரண் 11 அடிக்கு 2 அடி: 22. ஆக 62. ஒரு தாள் 32 சதுர அடி. இரண்டு வாங்கினால் 64, போதும் என்று தோன்றும். போதாது. வெட்டும்போது பிளேடு தின்பது, மிச்சத் துண்டுகள், இவற்றோடு மர வரித் தாள் என்றால் எல்லாக் கதவிலும் வரி ஒரே திசையில் ஓடவேண்டும் என்பதால் துண்டைத் திருப்பிப்போட்டு வெட்டமுடியாது. மூன்று தாள் ஆயிற்று. கதவு அகலத்தை 15½ அங்குலமாக வைத்தால் நாலடி அகலத்தில் மூன்று வரும். 28 அங்குல உயரம் எட்டடியில் மூன்று தரம் வந்து மீதியில் இழுப்பறை முகப்பு கிடைக்கும். அகலத்தை 17 ஆக்கினால் மூன்றுக்குப் பதில் இரண்டுதான். ஆசாரி பெட்டி அளவு போடும் முன்பே இதைப் பேசினால் ஒரு தாளாவது மிச்சம்.

மூன்றையும் ஒரே நாளில், ஒரே லாட்டில் வாங்கவேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும் அடுத்த லாட்டில் நிறம் மயிரிழை மாறும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அது மாலை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். வெட்டுவதற்கு முன் மூன்றையும் வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்துப் பாருங்கள். தாளின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு உரிக்கலாம்.

உப்பு வளையம் வந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து உடனே நல்ல தண்ணீரில் துடைத்துவிடலாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஷட்டர் பக்கமே வரக்கூடாது. மேல் பூச்சு போய்விடும், போனால் திரும்ப வராது. கிரானைட்டைப் போல இதை மறுபடி பாலிஷ் போட முடியாது.

புதுச் சமையலறை முடிந்த அன்று அம்மா எல்லாக் கதவையும் திறந்து திறந்து மூடினார். அவருக்குக் கதவே பிடிக்காது. "கதவைப் போட்டுட்டா கரப்பான்பூச்சிக்குத்தான்டா கொண்டாட்டம்" என்பார். திறந்த கடப்பா தட்டில் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்த்து வரிசையாகக் கவிழ்த்து வைத்த காலத்து ஆள். பிறகு வாளியில் தண்ணீர் எடுத்துவந்து தரையில் ஊற்றினார். வெள்ளிக்கிழமைகூட இல்லை அன்று. தண்ணீர் நாலு அங்குலக் கல்லில் மோதித் திரும்பி வாசல் பக்கம் ஓடியது. நான் பரணில் ஏறி, கதவின் உள்பக்கத்தில் தாளின் எண்ணையும் கடை பில்லின் தேதியையும் மார்க்கரில் எழுதி, மிச்சமிருந்த இரண்டடித் துண்டை அங்கேயே சாய்த்துவைத்துவிட்டு இறங்கினேன்.